நாக்குக்கு ஒரு வாத்தியார்!

கழுத்தில் டை, கையில் மைக், முகத்தில் வற்றாத சிரிப்பு. இன்ஜினீயரிங் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ சீஸன் நெருங்கும்போது வந்து இறங்குவார் இந்த மனிதர். ‘எழுந்து நின்று உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்’ என்பார். கடைசி பெஞ்ச் மாணவனுக்கு வியர்த்துக் கொட்டும். அடுத்த வாரம் பார்த்தால், அதே மனிதர் ஏதோ ஒரு கம்பெனியின் ஏ.சி. ஹாலில் நின்றுகொண்டு, கோபமாக வரும் கஸ்டமரிடம் பேசுவது எப்படி என்று மேனேஜர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார். விசிட்டிங் கார்டில் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் ட்ரெய்னர்’ என்று இருக்கும்.

அவர் முதுகுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு கேள்விகள் சுற்றிக்கொண்டிருக்கும். ‘பேசறதுக்கெல்லாம் ஒரு வாத்தியாரா? அதுக்கு ஒரு ஃபீஸா?’ என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையானது. ‘சரக்கு இல்லாதவனை, சரக்கு இருக்கிற மாதிரி காட்டறதுதானே இந்த ஆளோட வேலை?’

சாஃப்ட்வேர் கம்பெனிகளோடு சேர்ந்து முளைத்த புதுத் தொழில்தானே என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு வயது ஏறக்குறைய 2,500! அந்த இரண்டு கேள்விகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். எல்லாம் ஆரம்பித்த ஊருக்கு ஒருமுறை போய்விட்டு வரலாம், வாருங்கள்.

*

உலக வரைபடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் கால் மாதிரி இருக்கும். அந்தக் கால் எட்டி உதைக்கப் போகிற பந்து மாதிரி ஒரு தீவு. அதுதான் சிசிலி. (ஆமாம், பின்னாளில் மாஃபியாவால் ‘புகழ்’ பெற்ற அதே சிசிலிதான்!) அங்கே கிரேக்கர்கள் குடியேறி உருவாக்கிய பணக்கார நகரம், சிரக்யூஸ். கி.மு. 485லிருந்து சுமார் 20 வருடங்கள் அந்த நகரம் ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்தது. கெலோன், ஹியரோன், த்ராசிபுலஸ் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்த சர்வாதிகாரிகள்.

இவர்களுக்கு ஒரு விபரீதப் பழக்கம். ஓர் ஊர் மக்களை மூட்டை முடிச்சோடு கிளப்பி, இன்னோர் ஊரில் கொண்டுபோய்க் குடிவைப்பார்கள். தங்களுக்குக் காவலாக இருந்த கூலிப்படை வீரர்களுக்கு அடுத்தவன் நிலத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள். யார் கேட்பது?

கடைசியில் மக்களே கேட்டார்கள். கி.மு. 466 வாக்கில் பெரும் கிளர்ச்சி வெடித்து, மூன்றாவது தம்பி துரத்தப்பட்டார். ஜனநாயகம் வந்தது. துரத்தப்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். வந்து பார்த்தால், சொந்த நிலத்தில் வேறு எவனோ கோதுமை விதைத்துக்கொண்டிருக்கிறான்!

‘இது எங்க தாத்தா பூமிடா’ என்கிறான் திரும்பி வந்தவன். ‘அதுக்கு என்ன அத்தாட்சி?’ என்கிறான் இருப்பவன். பட்டா கிடையாது. சிட்டா கிடையாது. வில்லங்கச் சான்றிதழ் கிடையாது. நேராக நீதிமன்றம்தான். அங்கேயும் இன்றைக்கு இருப்பதுபோல் வக்கீல் கிடையாது. உங்கள் வழக்கை நீங்களேதான் பேசியாக வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிலம் உங்களுடையது. உண்மையும் உங்கள் பக்கம். ஆனால், எதிரே இருக்கிற கூட்டத்தைப் பார்த்ததும் உங்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எதிராளியோ வாய்ச்சாலக்காரன். நிலம் யார் கைக்குப் போகும்?

இந்த இடத்தில்தான் நம் ட்ரெய்னரின் முப்பாட்டனார்கள் இரண்டு பேர் வருகிறார்கள். கோராக்ஸ், டிசியாஸ். குருவும் சிஷ்யனும். சர்வாதிகாரிகள் ஒழிந்தபின் நில வழக்குகள் பெருகியதால்தான் இவர்கள் பேச்சுக்கலையை ஒரு பாடமாக முறைப்படுத்தினார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியதாக, ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொல்கிறார். முதலில் முன்னுரை, அடுத்து நடந்தது என்ன, பிறகு வாதம், கடைசியில் முடிவுரை என்று பேச்சைக் கூறு பிரித்துக் கொடுத்ததும் கோராக்ஸ்தான் என்பார்கள். இன்றைக்கு பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஸ்லைடாக ஓடுவது அதே வரிசைதான்!

சாட்சி இல்லாத வழக்கில் என்ன பேசுவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘நடந்திருக்க வாய்ப்பு உண்டா?’ என்று கேட்க வைப்பது. உதாரணமாக, ஓர் ஒல்லிப்பிச்சான் மீது அடிதடி வழக்கு. ‘ஐயா, என் உடம்பைப் பாருங்கள், நானா அடித்திருப்பேன்?’ என்று அவன் கேட்கலாம். நியாயம்தான். சரி, மாட்டிக்கொண்டவன் பயில்வானாக இருந்தால்? அதற்கும் பதில் இருந்தது. ‘ஐயா, என் உடம்பைப் பாருங்கள். ஒருத்தன் அடிபட்டால் எல்லோரும் முதலில் என்னைத்தானே சந்தேகப்படுவார்கள்? அது தெரிந்தும் நான் அடிப்பேனா?’

புன்னகை வருகிறதா? கூடவே லேசாக ஒரு பயமும் வருகிறதல்லவா? அந்தப் பயத்தை மறக்காதீர்கள், மறுபடியும் தேவைப்படும்.

இவர்களைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. படிப்பு முடிந்ததும் டிசியாஸ் ஃபீஸ் தர மறுக்கிறார். விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. ‘இந்த வழக்கில் நான் ஜெயித்தால் தீர்ப்புப்படி பணம் தரவேண்டாம். தோற்றால், என் குரு எனக்கு ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம். அப்போதும் தரவேண்டாம்’ என்கிறார் சிஷ்யர். குரு விடுவாரா? அதையே அப்படியே திருப்பிப் போடுகிறார். ‘நான் ஜெயித்தால் தீர்ப்புப்படி தரவேண்டும். தோற்றால், என்னையே ஜெயிக்கும் அளவுக்கு நான் சொல்லித்தந்திருக்கிறேன். அப்போதும் தரவேண்டும்!’ தலைசுற்றிப் போன நீதிமன்றம், ‘கெட்ட காக்கைக்குக் கெட்ட முட்டை’ என்று இரண்டு பேரையும் விரட்டிவிட்டதாம். (கோராக்ஸ் என்றால் கிரேக்க மொழியில் காக்கை!)

இதே கதையைக் கொஞ்சம் மாற்றி, புரோட்டாகோரஸ் என்ற இன்னொரு ஆசிரியரைப் பற்றியும் சொல்வார்கள். அதனால் யாரோ கட்டிவிட்டதாகத்தான் இருக்கவேண்டும். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். தொழில் பிறந்தபோதே அதைக் கேலி செய்யும் கதையும் கூடவே பிறந்துவிட்டது.

*

சிசிலியில் முளைத்த விதைக்கு நல்ல மண் கிடைத்தது ஏதென்ஸில். காரணம், அந்த ஊர் முழுக்க முழுக்கப் பேச்சால் ஓடிய ஊர். போர் தொடுப்பதா வேண்டாமா என்று குடிமக்கள் ஒரு குன்றின் மேல் ஆயிரக்கணக்கில் கூடி, பேச்சைக் கேட்டுவிட்டுக் கை தூக்கி முடிவு செய்வார்கள். நீதிமன்றத்தில் தொழில்முறை நீதிபதி கிடையாது. குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சாதாரண ஜனங்கள்தான் நீதிபதிகள். பேசுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு பானை. அடியில் ஓட்டை. தண்ணீர் ஒழுகித் தீர்ந்தால் உங்கள் நேரமும் தீர்ந்தது! (இந்தப் பேச்சுரிமை பெண்களுக்கும் அடிமைகளுக்கும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இங்கேயும் உங்கள் வழக்கை நீங்களேதான் பேசவேண்டும். ஆனால், பேச்சை எழுதித் தர ஆள் பிடிக்கலாம். அப்படி எழுதித் தந்தவர்களில் முதல் தர ஆசாமி, லைசியாஸ். இவருடைய அப்பா ஏதென்ஸுக்கு எங்கிருந்து வந்து குடியேறினார் தெரியுமா? நம் சிரக்யூஸிலிருந்துதான்! குடும்பம் கேடயம் செய்யும் தொழிற்சாலை வைத்து நன்றாகத்தான் இருந்தது. கி.மு. 404ல் ஏதென்ஸின் ஆட்சியைப் பிடித்த முப்பது பேர் கும்பல், சொத்தைக் கொள்ளையடித்து, லைசியாஸின் அண்ணனையும் கொன்றுபோட்டது. பிழைத்துக் கிடந்த லைசியாஸ், அதன்பின் பேனாவை... மன்னிக்கவும், எழுத்தாணியைக் கையில் எடுத்தார்.

அவர் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் உரைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேசுகிறவர், கால் ஊனமான ஓர் ஏழை. சின்னதாக ஒரு கடை. ஏதென்ஸ் அரசு அவருக்குத் தினம் ஓர் ‘ஓபல்’ உதவித்தொகை கொடுத்துவந்தது. ஓர் ஓபல் என்றால், ஒரு தொழிலாளியின் தினக்கூலியில் ஆறில் ஒரு பங்கு. யாரோ ஒருவன் மன்றத்தில் மொட்டை போடுகிறான். ‘இந்த ஆள் குதிரை மேல் சவாரி செய்கிறார். குதிரை ஏறுகிறவருக்கு உதவித்தொகை எதற்கு?’

அந்த மனிதருக்கு லைசியாஸ் எழுதித் தந்த பதிலின் சாரம் இது. ‘நடக்க முடியாததால்தான் ஐயா இரவல் குதிரையில் போகிறேன். வசதி இருந்தால் சொந்தமாக ஒரு கோவேறு கழுதை வாங்கிச் சுகமாகப் போகமாட்டேனா? எல்லோரும் ஒரு கைத்தடி வைத்திருக்கும்போது நான் இரண்டு வைத்திருக்கிறேன். அதையும் திடகாத்திரத்துக்கு அத்தாட்சியாகக் காட்டிவிடுவார் போலிருக்கிறதே!’

எப்படி? கெஞ்சல் இல்லை. கோபம் இல்லை. சபையைச் சிரிக்க வைத்து, அதே மூச்சில் தன் நிலைமையையும் புரிய வைக்கிற பேச்சு. ஓர் ஓபலுக்காக! பேச்சுப் பயிற்சி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால், ஏதென்ஸ்காரர்கள் இந்த ஆசிரியர்களை மனதாரக் கொண்டாடினார்களா? கூட்டம் கூட்டமாகப் போய்ப் படித்தார்கள், வெளியே வந்து திட்டினார்கள்! ‘ஸோஃபிஸ்ட்’ என்பது இவர்களுடைய பெயர். ஞானமுள்ளவர் என்று பொருள். இன்றைக்கு அந்தச் சொல்லிலிருந்து பிறந்த ஆங்கில வார்த்தைக்கு ‘குதர்க்கம்’ என்று அர்த்தம். பெயர் எந்த அளவுக்குக் கெட்டது, பாருங்கள்!

கி.மு. 423ல் அரிஸ்டோஃபேனஸ் என்ற நாடக ஆசிரியர் ‘மேகங்கள்’ என்று ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார். கதை இதுதான். கடனில் மூழ்கிய ஓர் அப்பா. கடன்காரர்களைப் பேசியே விரட்டும் வித்தையைக் கற்று வரும்படி மகனை ஒரு பள்ளிக்கு அனுப்புகிறார். மகன் நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறான். வந்ததும் அப்பாவையே அடிக்கிறான். அடித்தது நியாயம்தான் என்று வாதாடியும் காட்டுகிறான்! சரி, அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் என்று நாடகத்தில் காட்டப்பட்டவர் யார்? சாக்ரடீஸ்!

இது அநியாயம். சாக்ரடீஸ் பேச்சுப் பயிற்சி நடத்தியவர் அல்ல. யாரிடமும் ஃபீஸ் வாங்கியவரும் அல்ல. ஆனால், பாமர ஜனங்களின் மனதில் ‘பேச்சால் மயக்குகிறவர்’ என்ற முத்திரை விழுந்துவிட்டது. கி.மு. 399ல் அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது அந்த நாடகத்தையும் நினைவுபடுத்திப் பேச வேண்டியிருந்தது.

லைசியாஸ் அவருக்காக ஒரு தற்காப்பு உரையை எழுதி எடுத்துப் போனதாகவும், ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் பொருந்தாது’ என்று சாக்ரடீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. அவர் தன் பாணியிலேயே பேசினார். தோற்றார். ஒரு முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தால் விடுதலை ஆகியிருப்பார் என்று அவருடைய மாணவர் பிளேட்டோ குறித்து வைத்திருக்கிறார். குருவை அப்படிப் பறிகொடுத்த பிளேட்டோவுக்குப் பேச்சுக்கலை மேல் ஆயுசுக்கும் வெறுப்பு. ‘வைத்தியம் உடம்புக்கு நல்லது செய்யும். சமையல்காரனோ நாக்குக்கு ருசியானதைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். பேச்சுக்கலையும் அந்தச் சமையல் மாதிரிதான்’ என்பது அவர் வாதத்தின் சுருக்கம்.

ஓர் ஓபலைக் காப்பாற்றிய அதே கலை, இன்னொரு பக்கம் இப்படிப்பட்ட சந்தேகத்தையும் சுமந்தது. இரண்டுமே உண்மைதான்.

*

பேச்சைச் சொல்லித்தர முடியுமா என்ற முதல் கேள்விக்கும் ஏதென்ஸிலேயே பதில் இருக்கிறது. அந்த ஊரின் புகழ்பெற்ற பேச்சு ஆசிரியர் ஐசோக்ரடீஸ். இவருக்கே மெலிந்த குரல், கூடவே மேடைப் பயம். வாழ்நாள் முழுக்கப் பொதுக்கூட்டத்தில் பேசியதே இல்லை! ஆனால், கி.மு. 390களில் தொடங்கிய இவருடைய பள்ளிக்குக் கிரேக்கம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். ஃபீஸ் 1,000 த்ராக்மா. அதாவது, ஒரு தொழிலாளியின் ஆயிரம் நாள் கூலி. (சபைக்கு அஞ்சுவது மனித சுபாவம். வள்ளுவரே ‘அவை அஞ்சாமை’ என்று தனியாக ஓர் அதிகாரம் ஒதுக்க வேண்டியிருந்தது இல்லையா?)

அந்த ஆயிரம் த்ராக்மா கட்ட வழியில்லாமல் வேறு ஆசிரியரிடம் போனதாகச் சொல்லப்படும் ஒரு பையன் இருந்தான். ஏழு வயதில் அப்பாவை இழந்தவன். கத்திப் பட்டறை, கட்டில் பட்டறை என்று அப்பா விட்டுப்போன பெரிய சொத்தை, கார்டியன்களாக இருந்த மூன்று பேர் தின்று தீர்த்துவிட்டார்கள். வளர்ந்தபின் கையில் கிடைத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் நாக்கு குழறும். மூச்சு வாங்கும். ‘ர’ வராது!

பையன் விடவில்லை. வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினான். மேட்டில் ஏறிக்கொண்டே மூச்சு விடாமல் சொன்னான். நிலைக்கண்ணாடி முன்னால் நின்றான். பாதித் தலையைச் சிரைத்துக்கொண்டு, வெளியே போக வெட்கப்பட்டு, நிலவறைக்குள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தான். எல்லாம் புளூட்டார்க் எழுதி வைத்த சங்கதிகள். ஒருநாள் சபையில் பேசி அவமானப்பட்டுத் திரும்பும்போது, சாட்டிரஸ் என்ற நாடக நடிகர் கூடவே வீடு வரைக்கும் வந்து, அதே வரிகளைத் தான் எப்படிப் பேசுவேன் என்று நடித்துக் காட்டினாராம். வார்த்தை அதேதான். ஆனால், உயிர் வந்துவிட்டது!

20 வயதில் அந்தக் கார்டியன் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தான். (முழுச் சொத்தும் திரும்பவில்லை என்பது வேறு சோகம்.) அந்தப் பையன்தான் டெமாஸ்தனிஸ். பிற்காலத்தில் மாசிடோனிய மன்னன் பிலிப்பின் படைக்கு எதிராக ஏதென்ஸையே எழுப்பி உட்கார வைத்த குரல் அவருடையது.

சிரக்யூஸில் நிலம், இங்கே சொத்து, அங்கே ஓர் ஓபல். கவனித்தீர்களா? யாரும் ‘பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’டுக்காக இதைத் தேடி வரவில்லை. பறிபோனதைத் திரும்பப் பெறத்தான் வந்தார்கள்.

*

அப்படியானால், பறித்து வைத்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அதற்கு ரோமாபுரிக்குப் போகவேண்டும்.

கி.மு. 161லேயே ரோமானிய செனட், பேச்சு ஆசிரியர்களையும் தத்துவ ஆசிரியர்களையும் ஊரை விட்டு வெளியேற்ற ஆணை போட்டது. ஆனால், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கிரேக்க ஆசிரியர்களிடம் கிரேக்க மொழியில் பேச்சுக்கலை படிப்பதை யாராலும் தடுக்க முடியவில்லை. அதுவே கௌரவம் என்றும் ஆகிவிட்டது. இப்படி இருக்கும்போது புளோடியஸ் காலஸ் என்பவர் ஒரு புதுமை செய்தார். பேச்சுக்கலையைத் தாய்மொழியான லத்தீனிலேயே சொல்லித்தர ஆரம்பித்தார்! கூட்டம் குவிந்தது. இளைஞனாக இருந்த சிசரோவுக்கும் அங்கே போய்ச் சேர ஆசை. ‘கிரேக்கத்தில் படிப்பதுதான் நல்லது’ என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள்.

கி.மு. 92ல் ரோமின் சென்சார் அதிகாரிகள் இருவர், லத்தீன் பேச்சுப் பள்ளிகள் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஓர் ஆணை வெளியிட்டார்கள். முன்னோர் வழக்கத்துக்கு விரோதமாம். அந்த இருவரில் ஒருவர் லிசினியஸ் கிராசஸ். அந்தக் காலத்தின் தலைசிறந்த பேச்சாளரே அவர்தான்! பேச்சால் உச்சத்துக்குப் போனவர், பேச்சுப் பள்ளியை மூடச் சொல்கிறார். ‘அங்கே திமிரைத் தவிர எதையும் கற்றுத்தரவில்லை’ என்று அவர் தரப்பில் காரணம் சொன்னதாக சிசரோ பிற்பாடு எழுதினார். சாமானிய வீட்டுப் பிள்ளைகள் குறுக்குவழியில் மேலே வந்துவிடுவார்களே என்ற அச்சமும் இதில் இருந்தது என்பது சில வரலாற்று ஆசிரியர்களின் கணிப்பு.

தடை நிலைக்கவில்லை. கி.பி. 70களில் பேரரசர் வெஸ்பாசியன், லத்தீன், கிரேக்கப் பேச்சு ஆசிரியர்களுக்கு அரசுக் கஜானாவிலிருந்தே வருடச் சம்பளம் கொடுத்தார். எவ்வளவு? 1,00,000 செஸ்டர்ஸ்! அன்றைக்கு ஒரு படைவீரனின் வருடச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். நூறு சிப்பாய்களுக்கும் மேல் கொடுக்கிற சம்பளம் ஒரு வாத்தியாருக்கு! அதைப் பெற்றவர்களில் ஒருவர், ஸ்பெயினிலிருந்து வந்த குவின்டிலியன். பேச்சாளனை உருவாக்குவது பற்றி 12 பாகங்களில் ஒரு பெரிய நூலே எழுதினார். பிளேட்டோ கிளப்பிய சந்தேகத்துக்கு அதில் அவர் பதிலும் வைத்திருந்தார். நல்ல மனிதனாக இல்லாதவன் நல்ல பேச்சாளனாகவே ஆகமுடியாது என்பதுதான் அது.

அப்படியா? அதைச் சோதித்துப் பார்க்க, ஒரேயடியாகப் பல நூற்றாண்டுகளைத் தாண்டி அமெரிக்காவுக்கு வாருங்கள்.

*

நம் ட்ரெய்னரின் தாத்தா என்று ஒருவரைச் சொல்லவேண்டும் என்றால், அவர் டேல் கார்னகி. 1888ல் மிசௌரி மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர். ஆற்று வெள்ளம் வருடா வருடம் பயிரை வாரிக்கொண்டு போன குடும்பம். ஹாஸ்டலுக்குப் பணம் இல்லாமல் குதிரையில் கல்லூரிக்குப் போய்வந்தார். தாழ்வு மனப்பான்மையைப் போக்கிக்கொள்ளப் பேச்சுப் போட்டிகளில் சேர்ந்தார். தோற்றார், தோற்றார், பிறகு ஜெயிக்க ஆரம்பித்தார். படித்து முடித்தபின் பன்றி இறைச்சி, சோப்பு விற்றார். நாடகத்தில் நடித்துப் பார்த்தார். லாரி விற்றார். எதுவும் பிடிக்கவில்லை.

1912ல் நியூயார்க், 125வது தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் போய், ‘பேச்சு வகுப்பு எடுக்கிறேன், ஓர் இரவுக்கு 2 டாலர் கொடுங்கள்’ என்றார். மறுத்துவிட்டார்கள். லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. (சில வருடங்களிலேயே அந்தப் பங்கு இரவுக்கு 30 டாலரைத் தொட்டது!)

வந்து உட்கார்ந்தவர்கள் யார்? சேல்ஸ்மேன்கள், குமாஸ்தாக்கள், சின்ன வியாபாரிகள். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மீட்டிங்கில் எழுந்து நின்றால் கால் நடுங்காமல் இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்று வந்தவர்கள். முதல் வகுப்பிலேயே கார்னகி தயாரித்து வந்த சரக்கு பாதியில் தீர்ந்துபோனது. என்ன செய்வது என்று தெரியாமல், ‘உங்களுக்குக் கோபம் வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்’ என்று ஒவ்வொருவராக எழுப்பினார். அவ்வளவுதான்! வாயே திறக்காதவர்கள் எல்லாம் படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பயத்தைப் போக்க இலக்கணம் தேவையில்லை, சொந்த அனுபவம் போதும் என்று அன்றைக்குக் கண்டுகொண்டார்.

பிறகு நியூயார்க் டெலிபோன் கம்பெனி, வெஸ்டிங்ஹவுஸ் போன்ற நிறுவனங்களும் இவரிடம் தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி வாங்கின. 1936ல் வகுப்புப் பாடங்களே புத்தகமாகி, கோடிக்கணக்கில் விற்றது. மறு வருடமே ‘நண்பர்களை இழப்பது எப்படி’ என்கிற ரீதியில் கேலிப் புத்தகமும் வந்துவிட்டது. காக்கையும் முட்டையும் மறுபடி!

1950களின் தொடக்கத்தில் கார்னகி வகுப்பில் சேர 100 டாலர் செக் கொடுத்த ஓர் இளைஞர், வீட்டுக்குப் போனதும் பயந்துபோய் அந்த செக்கை நிறுத்திவிட்டார். மேடை என்றாலே அவருக்குக் குமட்டும். பிறகு, தன் சொந்த ஊரில் மறுபடி துணிந்து ரொக்கமாகக் கட்டிச் சேர்ந்தார். அவர் வாரன் பஃபெட். ஆபீஸ் சுவரில் பல்கலைக்கழகப் பட்டம் எதையும் மாட்டாதவர், கார்னகி சான்றிதழை மட்டும் மாட்டி வைத்தார்.

அதே 1950களில், சிறையில் இருந்துகொண்டு கார்னகி பாடத்தைப் படித்த இன்னொருவரும் உண்டு. சார்லஸ் மேன்சன். பேசிப் பேசியே இளைஞர்களைத் தன்வசப்படுத்தி, 1969ல் அவர்களைக் கொலை செய்யவும் அனுப்பியவர்!

ஒரே பாடம். ஒருவர் வாரன் பஃபெட், இன்னொருவர் மேன்சன். குவின்டிலியன் சொன்னது நல்ல ஆசை, அவ்வளவுதான். வகுப்பில் கூழாங்கல்லைக் கொடுக்கலாம். அதை வாயில் போட்டுப் பழகுகிறானா, அடுத்தவன் மேல் வீசுகிறானா என்பது வாத்தியார் கையில் இல்லை.

*

நம் ஊருக்குத் திரும்புவோம். 2005ல் மெக்கின்ஸியும் நாஸ்காமும் சேர்ந்து வெளியிட்ட ஓர் அறிக்கை, இந்திய இன்ஜினீயரிங் பட்டதாரிகளில் 25 சதவிகிதம் பேர்தான் பன்னாட்டு நிறுவன வேலைகளுக்குப் பொருந்துவார்கள் என்றது. இதுபோன்ற கணக்குகளுக்குப் பிறகு கல்லூரிகளில் ட்ரெய்னர்களின் காட்டில் மழை. 2022ல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில், கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் ஒரு பகுதி. வெஸ்பாசியன் செய்ததைப் போல அரசாங்கமே இதற்குச் செலவு செய்கிறது.

நல்லதுதான். ஆனால், கி.மு. 92 ஞாபகம் வருகிறதே, என்ன செய்ய? ஊர்த் திருவிழாத் தகராறில் நாலு பெரியவர்களை நிற்கவைத்துத் தமிழில் நியாயம் கேட்கிற பையனை, இன்டர்வியூ அறையில் ஆங்கிலம் தடுமாறியது என்பதற்காக ‘கம்யூனிகேஷன் இல்லை’ என்று குறித்து அனுப்புகிறோம். அவனுக்குப் பேச்சு இல்லாமல் இல்லை. அவனிடம் கிரேக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தை அவன் கற்றுக்கொள்ளட்டும், வேலைக்கு அது தேவை. ஆனால், அவனுக்கு ஏற்கெனவே பேசத் தெரியும் என்பதை முதலில் அவனிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிற ட்ரெய்னர்தான் நல்ல ட்ரெய்னர். கார்னகி முதல் இரவில் தடுமாறிக் கண்டுபிடித்ததும் அதைத்தானே?

எனவே, உங்கள் மகனோ மகளோ ‘அப்பா, கம்யூனிகேஷன் கிளாஸுக்கு ஃபீஸ் கட்டணும்’ என்று கேட்டால் உடனே முறைக்காதீர்கள். எந்த நிலத்தை மீட்க அந்தப் பிள்ளை நாக்கைத் தீட்டுகிறது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்!